ஒரு செமஸ்டர் வெளிநாடு: சிங்கப்பூரா, ஜெர்மனியா?

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி தங்கைகள் இதைத்தான் கேட்கிறார்கள். நான் ஜெர்மனியில் படித்தேன், அத்தை மகள் சிங்கப்பூரில்.

பயணம்: சிங்கப்பூருக்குத் திருச்சியிலிருந்தே நேரடி விமானம், சுமார் நாலு மணி நேரம். ஜெர்மனிக்குச் சென்னையோ பெங்களூரோ போக வேண்டும்.

செலவு: சிங்கப்பூரில் அறை வாடகை கையைக் கடிக்கும். ஜெர்மனியில் விசாவுக்கே மாதம் 992 யூரோ கணக்கில் (2024 நிலவரம்) பணம் காட்ட வேண்டும். சம்பா நெல் விற்ற பணம் போதாமல் அப்பா நகைக்கடனும் வாங்கினார்.

மனசு: பொங்கலுக்கு அத்தை மகளுக்குச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் கிடைத்தன. எனக்கு விடுதி மின்னடுப்பில் பால் பொங்கியபோது ஜன்னலுக்கு வெளியே பனி. அம்மா வீடியோ காலில் குலவையிட்டாள், அழுதுவிட்டேன்.

முதன்முறை வீட்டைப் பிரிகிறீர்களா? சிங்கப்பூர் போங்கள். மேற்படிப்பும் ஜெர்மனியில்தான் என்றால் இப்போதே அங்கே போங்கள். அப்புறம், கிளம்பும் முன்பே ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்துவிடுங்கள்.