மிர்நீசி மினி கிட்: உள்காதுத் திசுவுக்கு வாங்கலாமா?

மிர்நீசி என்பது திசுவிலிருந்து சிறிய ஆர்என்ஏக்களையும் சேர்த்துப் பிரித்தெடுக்கும் கிட். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களை வளர்த்தெடுப்பதில், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நீளம் 22 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் எழுத்து) அளவுதான். அவற்றில் ஒன்றான மிர்-96இல், இலக்கைக் கண்டுபிடிக்கும் விதைப் பகுதியில் ஓர் எழுத்து பிசகினாலே காது மந்தமாகிவிடும். மனிதரிலும் சுண்டெலியிலும் 2009இல் தெரியவந்த உண்மை இது. பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டிப் பக்கம் இந்த ஆய்வில் இறங்குபவர்கள் சாதாரண ஆர்என்ஏ கிட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் 70 சதவீத எத்தனாலைச் சம அளவு சேர்ப்பதால், 200 எழுத்துக்குக் குறைந்த நீளமுள்ள ஆர்என்ஏக்கள் கிட்டின் வடிகுழாய்ச் சவ்வில் ஒட்டாமல் வடிந்துவிடும்.

மிர்நீசியில் தூய எத்தனால், ஒன்றரை மடங்கு. திசுக் கரைசலைச் சுற்றிய பின் மேலே நிற்கும் நீர் அடுக்கு 350 மைக்ரோலிட்டர் என்றால் எத்தனால் 525. சிறியவையும் தங்கிவிடுகின்றன, கொடுக்கும் காசு இந்த ஒரு படிக்கே தகும். மூடி இறுகாத பழைய எத்தனால் பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். ஈரம் உறிஞ்சியிருந்தால் விகிதம் கெட்டு, தேடி வந்ததே போய்விடும்.

முதல் படியில், திசுவை 700 மைக்ரோலிட்டர் கிட் கரைப்பானில் அரைத்து, 140 குளோரோஃபார்ம் விட்டு 15 விநாடி நன்றாகக் குலுக்கி, 4 டிகிரியில் 12,000 ஜியில் (புவியீர்ப்பைப் போல் 12,000 மடங்கு விசை) 15 நிமிடம் சுற்ற வேண்டும். குளிர் மையவிலக்கி இல்லாத கூடத்துக்கு இந்தக் கிட் சரிப்படாது. அடுக்குகள் சரியாகப் பிரியாமல் டிஎன்ஏவும் கூட வரும். அதற்கடுத்த சுற்றுகளோ 15 முதல் 25 டிகிரியில். இயந்திரத்தைச் சூடேற்ற மறந்தால் உப்பு படியும். சித்திரை, வைகாசியில் கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டால் நம் ஊர் அறை அந்த 25ஐ எளிதாகத் தாண்டிவிடும். விடியற்காலையில் தொடங்குங்கள். வியர்வையில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் என்ற நொதி இருக்கிறது, கையுறையை அடிக்கடி மாற்றுங்கள்.

உள்காதின் கேட்கும் பகுதியான காதுச்சுருளைச் சுற்றிய எலும்பை முழுக்க நீக்கிய பிறகே அரைக்க வேண்டும். சிவப்பணுவில் மிகுந்திருக்கும் மிர்-451 எகிறி நின்றால் இரத்தச் சிவப்பணு கலந்திருக்கிறது என்று அர்த்தம். கோழிக்குச் சேதமான மயிர்ச்செல் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது; பொரிப்பகத்து முட்டையை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அதனாலேயே தனி மதிப்பு.

ஆர்என்ஏ சிதையாமல் இருக்கிறதா என்று காட்டும் ஆர்ஐஎன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது பெரிய ரைபோசோம் ஆர்என்ஏவின் நிலையைத்தான் சொல்லும். சிறியவை வந்திருக்கின்றனவா என்று அறிய, மயிர்ச்செல்லில் உள்ள மிர்-183க்கு ஸ்டெம்-லூப் பிரைமர் (குட்டை ஆர்என்ஏவைப் பிசிஆரில் அளக்க உதவும் மடிந்த டிஎன்ஏத் துண்டு) போட்டுப் பாருங்கள்.

பெட்டியில் 50 மாதிரிக்குச் சரக்கு இருக்கும்; குளோரோஃபார்மும் எத்தனாலும் தனியே வாங்க வேண்டும். கழிவில் பிளீச்சிங் கரைசலை ஊற்றவே கூடாது, கிட் கரைசல்களில் உள்ள குவானிடின் உப்போடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.