மகனுக்கு வாங்கிய பிரஷர் மெஷின்

வெள்ளவத்தையில், காலி வீதியோரப் பார்மசி ஒன்றில் மேல்கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் பிரஷர் மெஷின் வாங்கி நாலு மாதமாகிறது. எட்டாம் ஆண்டு படிக்கும் மகனுக்குத்தான். வயது 13, எடை 74 கிலோ.

தேமலுக்கு மருந்தெடுக்கப் போன ஒரு கிளினிக்கில் பிரஷரும் பார்த்தார்கள். கையில் சுற்றும் பட்டி அவனுக்குப் போதவில்லை, இரண்டு விரலளவுதான் ஒட்டியது. "அம்மா, நெரிக்குது" என்றான். 141/88. அன்றிரவு நான் தூங்கவேயில்லை. பிறகு காட்டிய குழந்தைநல டொக்டர் முதலில் எடுத்தது டேப்பைத்தான். மேல்கைச் சுற்றளவு 34 சென்டிமீற்றர். சின்னப் பட்டி பிரஷரைக் கூட்டிக் காட்டுமாம். பெரிய பட்டியில் 127/78 வந்தது.

அதுவும் நல்ல கணக்கில்லை. 13 வயதிலிருந்து 120/80க்குக் கீழே இருக்க வேண்டும், 130/80ஐத் தொட்டால் உயர் இரத்த அழுத்தம். அதையும் வேறு வேறு நாட்களில் மூன்று தடவை பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். பெட்டியோடு வரும் பட்டி 22 முதல் 32 சென்டிமீற்றர் வரைக்குத்தான். "பிள்ளைக்கு ஏன் பெரிய பட்டி?" என்று கடைக்காரர் கேட்டார். விடாமல் 32–42 பட்டியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினேன். மெலிந்த சிறு பிள்ளை என்றால் 17–22 பட்டி வேண்டும். டேப்பால் அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

எனக்குப் பிடிக்காதது அதன் சிவப்பு விளக்கு. பெரியவர்களின் கணக்கில் 135/85 தாண்டினால்தான் எரியும், மகனின் 127க்குப் பச்சையே காட்டும். 13க்குக் கீழே என்றால் வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்க்கும் அட்டவணை வேறு. விளக்கை நம்பாமல் எண்ணை எழுதி டொக்டரிடம் காட்டுங்கள்.

டியூஷன் விட்டு மூன்று மாடி ஏறி வந்ததும் கட்டினால் 139. முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பின் 126. அதனால் இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன்தான் பார்க்கிறோம், எப்போதும் வலது கையில்.

பட்டினி போட வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கன்டீன் ரோல்ஸும் சோடாவும் குறைந்தன. போத்தலில் சீனி அதிகம் என்று காட்டும் சிவப்பு வட்டம் இருந்தால் அவனே திருப்பி வைக்கிறான். பின்னேரம் அப்பாவோடு மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி வரை நடை. போன வாரச் சராசரி 121/75.

கிளினிக்குக்குப் போகும்போது மெஷினையும் கொண்டுபோய் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தோம். வித்தியாசம் மூன்றுதான்.