மிண்ட் ஜூலெப்: வீட்டில் கலந்து பழகியதில் தெரிந்தவை

போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, புதினா, சர்க்கரை, ஐஸ். மிண்ட் ஜூலெப் என்ற காக்டெயிலுக்கு இந்த நாலு சாமான் போதும். சில வருடங்களாக வீட்டில் இதைக் கலந்து குடித்துவருகிறேன். விஸ்கி எதுவென்று யோசிக்கிற நேரத்தை ஐஸுக்குச் செலவிடலாம் என்பது என் கட்சி.

கட்டி ஐஸ் போட்டால் கிடைப்பது வெறும் இனிப்பு விஸ்கிதான். சன்னமாக நொறுக்கியது வேண்டும். மிக்ஸியில் அடித்தால் பாதி கூழாகி, சீக்கிரம் நீர்த்துவிடுகிறது. கெட்டித் துணிப்பையில் போட்டு மரக்கட்டையால் போடு போடென்று போடுவதே மேல். கசிகிற தண்ணீரைத் துணி உறிஞ்சிக்கொள்வதால் ஐஸ் பொலபொலவென்று உதிரும். ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்தால் வீட்டில் திட்டு விழும், அது வேறு விஷயம்.

என் அளவு 60 மி.லி. போர்பன், 15 மி.லி. பாகு, எட்டுப் பத்து இலை. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகு. புதினாவின் வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே இருப்பதால், பாகில் லேசாக அழுத்தினால் போதும். சட்னிபோல இடித்தால் பச்சைக் கசப்பு இறங்கிவிடும், துணுக்கும் பல்லில் மாட்டும். அப்புறம் போர்பன், முக்கால் கப் ஐஸ், நல்ல கலக்கல். உலோகக் கப்பாக இருந்தால் வெளிப்பக்கம் முதலில் வியர்க்கும், பிறகு வெள்ளையாகப் பூத்துவிடும். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், நடுவில் கைபட்டால் அந்தப் பூப்பு கலைந்துவிடும். மேலே இன்னும் ஐஸைக் குவித்து ஒரு கொத்துப் புதினா செருகி, ஸ்ட்ராவைக் குட்டையாக வெட்டிப் போடவேண்டும். உறிஞ்சும்போது மூக்கு இலைக்குள் இருக்கவேண்டும், பாதி ருசி அங்கேதான்.

போர்பன் காய்ச்சும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் சோளம், ஊறுவது உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில். வெனிலா வாசனையும் இனிப்பும் அதனால்தான். 40 சதவீத ஆல்கஹால் உள்ளது ஐஸ் கரையக் கரையச் சப்பென்றாகிறது, 50 கடைசிவரை நிற்கிறது. புகைவாடை அடிக்கும் ஸ்காட்ச் இதற்கு ஒத்துவரவே இல்லை.

கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் ஒவ்வொரு மே மாதமும் இதை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். எப்படித்தான் சமாளிக்கிறார்களோ! என் வீட்டில் நாலு பேருக்கு மேல் வந்தால் விஸ்கியும் சோடாவும்தான்.