தங்க நாணயத்துக்கு ‘ரெண்டாவது சான்று’ வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை – 2,680 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

பினாங்கில் பழைய நாணயம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். அதிலும் கணவரோ அப்பாவோ சேர்த்து வைத்துவிட்டுப் போனதை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பெண்கள் அவசியம் படியுங்கள். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது 2,680 வெள்ளி. நாணயம் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. அதன்மேல் ஒரு போலி ஸ்டிக்கரும் சேர்ந்து வந்திருக்கிறது.

என் கணவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். 1990-களில் அமெரிக்காவில் இறங்கியபோது வாங்கிய 20 டாலர் தங்கக் காசு இது. 1908-ஆம் ஆண்டு அடித்தது, செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி வடிவமைத்தது. ஒரு பக்கம் கையில் தீப்பந்தத்தோடு நடந்து வரும் சுதந்திர தேவி, மறுபக்கம் பறக்கும் கழுகு. எடை 33.4 கிராம், அதில் 90 விழுக்காடு தங்கம். பிசிஜிஎஸ் என்ற அமெரிக்கத் தரச்சான்று நிறுவனம் தரம் பார்த்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து அடைத்து, எம்எஸ் 64 என்று லேபிள் போட்டிருக்கிறது. 70 வரை போகும் அளவில் 64 என்றால் நல்ல தரம். லேபிள் வெளிர்பச்சை நிறம், அந்தக் காலத்துப் பெட்டி. மகளின் மேற்படிப்புக்காக விற்கலாம் என்று எடுத்தேன்.

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கடை. பழைய நாணயம், நோட்டு, தபால்தலை எல்லாம் வாங்கி விற்பார்கள், ஆன்லைனிலும் வியாபாரம் உண்டு. அதற்கு மேல் அடையாளம் சொல்லவில்லை. மனு போடப் போகிற நேரத்தில் பெயரை வெளியே விடாதே என்று என் தம்பி சொல்லியிருக்கிறான்.

கடைக்காரர் என் வயதைவிடச் சின்னவர். கையைத் துடைத்துக்கொண்டு, கறுப்பு வெல்வெட் தட்டை எடுத்து வைத்து, பெட்டியை ஓரத்தில் மட்டும் பிடித்து லென்ஸில் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: “அக்கா, இதை இப்ப வித்துடாதீங்க. நானே வாங்கினா எனக்கு நல்ல லாபம். ஆனா உங்ககிட்ட அப்படிச் செய்ய மனசு வரல.”

வாங்க வேண்டிய வியாபாரியே விற்காதே என்று சொல்கிறார். இதற்கு மேல் யாரை நம்புவது? நகைக்கடைக்குப் போனால் பெட்டியை உடைத்து எடைக்கு எடுக்கிறேன் என்கிறார்கள், அடகுக் கடையிலும் அதே கதை. இவர் ஒருவர்தான் அதை நாணயமாகப் பார்த்தார்.

பிறகு ‘ரெண்டாவது சான்று’ தரும் சிஏசி பற்றி விளக்கினார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்ன தகவல் அத்தனையும் உண்மை. சிஏசி என்பது 2007-இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். என்ஜிசி என்ற தரச்சான்று நிறுவனத்தை 1987-இல் தொடங்கிய ஜான் அல்பனீஸ்தான் இதையும் தொடங்கியவர். பிசிஜிஎஸ், என்ஜிசி ஏற்கெனவே தரம் போட்டு அடைத்த நாணயத்தை இவர்கள் மறுபடி பார்ப்பார்கள். போட்ட தரத்துக்கு நாணயம் உறுதியாக நிற்கிறது என்றால் பெட்டியின்மேல் பச்சை ஸ்டிக்கர். போட்டதைவிட உயர்ந்த தரம் என்று தோன்றினால் தங்க நிற ஸ்டிக்கர். தேறாவிட்டால் ஸ்டிக்கர் இல்லாமல் திரும்பி வரும். அந்தக் காலத்துப் பச்சை லேபிள் பெட்டிகளில் கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தரம் போட்டிருப்பார்கள் என்று சேகரிப்பாளர்கள் நம்புவதும் உண்மைதான். “உங்களுதுக்கு கோல்டு ஸ்டிக்கரே வரலாம் அக்கா” என்றார் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

நாணயத்தை அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ், அங்கே கட்டணம், இவருடைய சேவை எல்லாம் சேர்த்து 2,680 வெள்ளி. அதைக் கடைக் கணக்குக்கு அனுப்பச் சொல்லவில்லை, ஒரு தனி ஆளின் கணக்கு எண்ணைக் கொடுத்தார். “கம்பெனி அக்கவுண்ட் மாத்திக்கிட்டு இருக்கோம்” என்றார். ரசீதில் கையால் ‘சர்வீஸ்’ என்று ஒரே சொல். எந்த நாணயம், லேபிள் எண் என்ன, எங்கே அனுப்புகிறார்கள், எதுவும் அதில் இல்லை.

மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு நாள் போன் வந்தது. “கோல்டு கிடைக்கல அக்கா, ஆனா பச்சை பாஸ்!” போய் வாங்கி வந்தேன். சந்தோஷத்தில் அவருக்கு ஒரு பெட்டி ஸ்வீட் வேறு கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மகளைப் பார்க்கக் கோலாலம்பூர் போனபோது, பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் வார இறுதியில் போடும் பழைய பொருள் சந்தைக்கு நாணயத்தைக் கொண்டுபோனேன். அங்கே ஒரு வயதான சீன வியாபாரி கைப்பேசி விளக்கை அடித்துப் பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்தார். உண்மையான ஸ்டிக்கர் ஹோலோகிராம், சாய்த்தால் மின்ன வேண்டும். இது அசையாமல் ஒரே பச்சையாக இருந்தது. ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி, நகம் பட்டால் தூக்கிக்கொள்ளும் போல ஒட்டு விட்டிருந்தது. அப்புறம் லேபிளில் உள்ள எண்ணைச் சிஏசி இணையதளத்தில் தட்டினார். பதிவே இல்லை. “பால்சு லா, ஆண்டி” என்றார், போலி என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன், மகளையும் போடச் சொன்னேன். இல்லை. இந்த நாணயம் பினாங்குத் தீவைத் தாண்டியதா என்பதே சந்தேகம்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில், “அவங்க சிஸ்டம் இன்னும் அப்டேட் ஆகல அக்கா.” அடுத்து, “டேட்டாபேஸ்ல ஏற மூணு மாசம் ஆகும்.” அனுப்பிய கூரியர் எண்ணைக் கேட்டால், பாதி மறைத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். மீதியைக் கேட்டால், “அது மொத்தமா பல பேரோட நாணயம் போன பார்சல், பிரைவசி இருக்கு.” நேரில் போனால் கடைப் பையன், “பாஸ் கே.எல். போயிருக்கார்.” வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. கடைசியில் வந்த பதில்தான் உச்சம்: “உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா நாணயத்தை நானே எடுத்துக்கிறேன், இன்னைக்கு தங்க விலைக்கு.” மனசு வரவில்லை என்று சொன்ன அதே ஆள்! இப்போது மனசு வந்துவிட்டது, அதுவும் எடை விலைக்கு.

2,680 வெள்ளியைத் திருப்பிக் கேட்டதற்கு, “சர்வீஸ் முடிஞ்சிருச்சே அக்கா, ரசீது பாருங்க” என்கிறார்.

அந்தச் சீன வியாபாரி இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுதாகப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாணயத்துக்கு ரெண்டாவது சான்றே தேவையில்லையாம். 1908-இல் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற ஆங்கில வாசகம் பொறிக்காத இந்த வகை மட்டும் 42 லட்சத்துக்கும் மேல் அடித்திருக்கிறார்கள். அது போதாதென்று 1990-களில் ஒரே குவியலாக 19,900 நாணயங்கள், நல்ல தரத்தில், சந்தைக்கு வந்தன. எம்எஸ் 64 எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கமே 30 கிராம். தங்கம் விற்கிற விலையில் நாணயத்தின் மதிப்பில் பெரும்பகுதி அதுதான், பச்சை ஸ்டிக்கர் உண்மையாகவே வந்திருந்தாலும் கூடும் தொகை கொஞ்சம்தான். அரிய வருடம், மிக உயர்ந்த தரம் என்றால்தான் அமெரிக்க ஏலத்தில் ஸ்டிக்கருக்கு நல்ல விலை வித்தியாசம் வரும். இங்கே மலேசியாவில் விற்பவருக்கு அதைக் கேட்டு வாங்குகிற ஆள் எத்தனை பேர்? கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் 2,680 வெள்ளி வாங்கினார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டிக்கர் என்று யார் காட்டினாலும் லேபிள் எண்ணை அவர் எதிரிலேயே சிஏசி தளத்தில் போட்டுப் பாருங்கள், காசு கேட்கமாட்டார்கள். கொடுப்பதற்கு முன் நாணயத்தையும் லேபிளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ரசீதில் அந்த எண் இருக்க வேண்டும். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், போடத்தான் வேண்டும் என்றால் மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தேடிப் பாருங்கள். செலவு போக எவ்வளவு கூடும் என்று இன்னொரு வியாபாரியிடமும் கேளுங்கள்.

நான் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டேன். அடுத்து பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். பேசுகிறேன், 2,680 வெள்ளிக்கும் சேர்த்துப் பேசுகிறேன்.

இதே மாதிரி யாராவது அந்தக் கடையில் ‘அமெரிக்காவுக்கு அனுப்ப’ நாணயம் கொடுத்து வைத்திருந்தால், நாளை வரை காத்திருக்காமல் இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது லேபிள் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.