மருத்துவமனைப் படிவங்கள்: ஸ்கேனரா, ரோபோ மென்பொருளா, டேப்லெட்டா?

பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை, பழைய அறுவை சிகிச்சை. இதே விவரங்களைப் பதிவு மேசை, வார்டு, அறுவை அரங்கு, காப்பீட்டுப் பிரிவு என்று ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கேட்டு எழுதுகிறார்கள். மருத்துவர் நோயாளியோடு இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 2 மணி நேரம் கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்தச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லும் வழிகள் நிறைய. ஆனால் எழுதும் வேலை போய் அதே அளவு சரிபார்க்கும் வேலை வந்து சேர்ந்தால் என்ன லாபம்?

காகிதத்தை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் மூலம் படிக்க வைப்பது தொடங்குவதற்கு எளிது. யாரும் பழக்கத்தை மாற்ற வேண்டாம். அச்செழுத்தை நன்றாகவே படிக்கும். சிக்கல் கையெழுத்தில்தான். 1.0 மி.கி. என்பதில் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். யூனிட்டைச் சுருக்கி எழுதும் U என்ற ஆங்கில எழுத்து 0 போலத் தெரியும். மனிதர்களே இதில் தடுமாறுவதால்தான் இப்படி எழுத வேண்டாம் என்று மருந்துப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. செவிலியருக்குச் சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கேட்பார். மென்பொருள் தப்பாகப் படித்த எண்ணோ கட்டத்துக்குள் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். பழைய கோப்புகளுக்கும் வெளியிலிருந்து வரும் கடிதங்களுக்கும் ஓசிஆர் போதும். மருந்தளவுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆர்பிஏ எனப்படும் ரோபோ மென்பொருள், ஊழியர் செய்வதுபோலவே ஒரு திரையிலிருந்து எடுத்து இன்னொன்றில் நிரப்பும். பழைய மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. ஆனால் திரையில் ஒரு பொத்தான் இடம் மாறினாலே நின்றுவிடலாம். காப்பீட்டு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது போன்ற வேலைக்குச் சரி.

என் தேர்வு டேப்லெட்டிலோ கைபேசியிலோ நிரப்பும் மின்படிவம். ஒரு நிபந்தனை: பதில்கள் நேராக நோயாளியின் மின்பதிவுக்குப் போய்ச் சேர வேண்டும். பிடிஎஃப்பைத் திரையில் காட்டினால் அது இன்னும் காகிதம்தான். மருத்துவ மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ள எச்எல்7 என்ற தரநிலை அமைப்பு 2014இல் முதலில் வெளியிட்ட ஃபயர் (FHIR) தரநிலையில் கேள்வித்தாளுக்கும் பதிலுக்கும் தனித்தனி வடிவமே இருக்கிறது. இதைப் பின்பற்றினால் ஒரு தடவை சொன்ன முகவரியை அடுத்த படிவம் தானே எடுத்துக்கொள்ள வைக்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பிவிடக் கூடாது. நிரம்பிய கட்டத்தைப் பார்த்ததும் கை தானாக 'சரி'யை அழுத்திவிடும். ஒவ்வாமையையும் இப்போது சாப்பிடும் மருந்துகளையும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். சம்மதப் படிவத்தில் எந்தக் கட்டமும் முன்பே டிக் ஆகியிருக்கக் கூடாது. வலியில் இருப்பவருக்கும் எழுத்து தெரியாதவருக்கும் பக்கத்தில் ஓர் ஊழியர் வேண்டும். நெட்வொர்க் போகும் நாளுக்கு அச்சிட்ட படிவமும் வேண்டும்.

பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதும் ஏஐ கருவிகளால் மருத்துவர் திரையை விட்டு நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. இது பெரிய விஷயம். ஆனால் ஓர் 'இல்லை' விட்டுப்போனால் நோயே மாறிவிடும். டிஸ்சார்ஜ் குறிப்பின் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம், மருத்துவர் முழுக்கப் படித்துக் கையெழுத்திடுவார் என்றால்.

எதை வாங்கினாலும், முதலில் எல்லாப் படிவங்களையும் ஒரே மேசையில் பரப்பி, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அடித்துவிடுங்கள். அப்புறம் விற்பனையாளர்களை டெமோவுக்குக் கூப்பிட்டு, அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தாளை ஒதுக்கிவிட்டு உங்கள் வார்டில் இரவுப் பணியில் எழுதிய தாளை, நோயாளியின் அடையாளங்களை மறைத்துக் கொடுத்துப் பாருங்கள்.