அரிப்புக்கு வேப்பிலைத் தண்ணீரா, சாப்பாட்டுக் கட்டுப்பாடா?

போன மாரிக்குள் மூன்று தடவை வந்துவிட்டது. வயலில் புல்லுப் பிடுங்கிவிட்டு ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்தால், இரவெல்லாம் அரிப்பு, எரிவு, திரைந்த பால் மாதிரி வெள்ளை படுதல். கிளினிக்கில் பார்த்து, கன்டிடா என்ற பங்கசு என்றார்கள்.

வந்த தொற்றை மாற்றியது இரண்டுமே இல்லை, பெண்ணுறுப்புக்குள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் குளிசைதான். பலருக்கு 500 மில்லிகிராம் ஒன்றே போதும். பிறகு திரும்ப வராமல் இருக்க எது உதவும் என்பதுதான் என் கேள்வி.

அம்மம்மா சொன்னது வேப்பிலை அவித்த தண்ணீர். ஆறவிட்டு வெளியே கழுவினால் இதமாகத்தான் இருக்கும். நான் உள்ளேயும் கழுவினேன், எரிவு கூடிவிட்டது. அங்கே அமிலத்தன்மையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நல்ல பக்டீரியாவும் அதோடு கழுவப்பட்டுப் போகும் என்று பிறகுதான் விளங்கியது. உள்ளி வைக்கச் சொன்னவர்களும் உண்டு. அது தோலைப் பொசுக்கும், நான் தொடவில்லை.

நான் சாப்பாட்டுப் பக்கம்தான். காரணம் சீனி. நாளுக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி, வயலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இது சாதாரணம். மூன்றாவது தடவை வந்தபோது இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள், வெறும் வயிற்றில் சீனி 140 (mg/dL). 126-ஐத் தாண்டினாலே சீனி வருத்தம் என்று கணக்கு. இரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்தால் இந்தப் பங்கசுக்கு அது நல்ல தீனி, எத்தனை குளிசை வைத்தாலும் திரும்ப வரலாம். தேத்தண்ணீரை வெறுமையாகக் குடிக்கப் பழகினேன், சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினேன், சீனி வருத்தத்துக்கான மெட்போமின் குளிசையும் எடுக்கிறேன். இந்த மாரியில் ஒரு தடவையும் வரவில்லை. ஈர உடுப்பை உடனே மாற்றவும் தொடங்கியிருந்தேன், அதனால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சீனி அளவு சரியாக இருக்கிறவர்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.

சட்டித் தயிர் சாப்பிடுகிறேன், சீனி போடாமல். வயிற்றுக்கு நல்லது, ஆனால் அதை மருந்தென்று நம்பியிருக்காதீர்கள், உள்ளே பூசவும் வேண்டாம்.

வயிற்றில் பிள்ளை இருந்தாலோ, கெட்ட மணமோ காய்ச்சலோ அடிவயிற்று நோவோ இருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள். அடிக்கடி வருகிறதென்றால், வெட்கப்படாமல் சீனியையும் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள்.