மேற்கே நகர்ந்துபோன ஆபரேஷன் தியேட்டர் லைட்: மூன்றரை வருட அனுபவம்

தக்கலையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தங்கச்சி போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, எங்க ஆபரேஷன் தியேட்டரைப் புதுசாக்கப் போறாங்க. உங்க எல்இடி லைட்டும் ஆக்சிஜன் வர்ற கேஸ் லைனும் எப்படி இருக்கு?" அதற்கு முந்தின நாள்தான் எங்கள் லைட்டை ஐந்தாவது தடவையாகக் கழற்றி மாட்டியிருந்தோம். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் குளச்சல் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகத் தியேட்டர் சிஸ்டர். முக்கால்வாசிக் காலம் பழைய ஹாலஜன் பல்பு லைட்டுக்குக் கீழேதான் நின்றேன். அந்தச் சூடு நின்றவர்களுக்குத் தெரியும். டாக்டரின் நெற்றியைத் துடைக்கவே ஒரு ஆள் வேண்டும். திறந்த வயிறு காய்ந்துவிடாமல் சலைன் உப்புநீரில் நனைத்த துணி மாப்பை மாற்றிக்கொண்டே இருப்போம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரிலேயே சிசேரியன் செய்தோம். அது ஒருமுறை நின்று மறுபடி ஓடுவதற்குள் தியேட்டர் இருட்டாகிவிட்டது. ரத்தக்குழாயைப் பிடித்த ஃபோர்செப்ஸோடு டாக்டர் அப்படியே அசையாமல் நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்இடி வந்தபிறகு இதெல்லாம் போய்விட்டது. கரண்ட் குறைவாக இழுப்பதால் பேட்டரியிலேயே தாங்குகிறது, கண் சிமிட்டுவதுகூட இல்லை. வெளிச்சத்தின் நிறம் இன்னும் அருமை. மஞ்சள் பூசிய மாதிரி இருந்த தசையும் கொழுப்பும் பித்தமும் இப்போது தனித்தனியாகத் தெரிகின்றன. டாக்டரின் தலை குறுக்கே வந்தாலும் காயத்தில் நிழல் விழுவதில்லை. கருப்புப் பட்டு நூலின் நுனியைத் தேட வேண்டியதே இல்லை. டெமோவில் முழு வெளிச்சத்தையும் போட்டுக் காட்டுவார்கள், அதில் மயங்க வேண்டாம். தியேட்டர் லைட்டுக்கான தர அளவு 40,000 லக்ஸில் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தொடங்கி 1,60,000 வரை போகிறது. நாங்கள் பாதிக்குச் சற்று மேலே வைத்தாலே போதுமாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் ஈரமான இடமெல்லாம் பளபளத்துக் கண் கூசும்.

இவ்வளவு நல்ல லைட் வைத்த இடத்தில் நிற்காது.

மாட்டிய ஆறாவது மாதமே இந்தத் தொல்லை தொடங்கியது. காயத்துக்கு நேராக வைத்துவிட்டுத் திரும்பினால், லைட்டின் பெரிய தலை மெதுவாக மேற்குச் சுவர்ப் பக்கம் நகர்ந்திருக்கும். டாக்டர் மறுபடி ஹேண்டிலைப் பிடித்து இழுப்பார். அந்த ஹேண்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தது, அதனால் அவர் தொடலாம். ஆனால் நகர்ந்துவந்த லைட்டின் ஹேண்டில் அசிஸ்டென்ட் டாக்டரின் தொப்பியில் இடித்தால் அதன் ஸ்டெரிலிட்டி, அதாவது கிருமியில்லாத நிலை, போயிற்று. ஆபரேஷன் நடுவில் அதைக் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். ஒரு குடலிறக்க ஆபரேஷனில் மூன்று முறை மாற்றினேன். மூன்றாவதுக்குப் பிறகு ட்ரேயில் மிச்சம் ஹேண்டில் இல்லை.

கம்பெனி ஆள் வருவார். ஆலன் கீயை எடுத்து, லைட்டைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் மூட்டில் உள்ள பிரேக் ஸ்குரூவை இறுக்குவார். மூன்று வாரம் நிற்கும், பிறகு பழையபடி. பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று புதிதாகப் போட்டார்கள், அதற்கும் பில். இறுக்கி இறுக்கி, கடைசியில் நான் இரண்டு கையால் தள்ளினால்தான் நகரும் என்ற நிலைக்கு வந்தது. அப்போதும் சில வாரத்தில் மறுபடி மேற்கே போவது மட்டும் நிற்கவில்லை.

இந்த மாதம் ஃபால்ஸ் சீலிங்கில் ஒழுக்கு. பூச வந்த கொத்தனார் அண்ணன் பலகையைக் கழற்றி மேலே பார்த்தார். லைட்டைத் தாங்கும் இரும்பு பிளேட்டில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுக்கோட்டுக்கு வரவே இல்லை, ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "சிஸ்டர், இதுக்க அடியே சரிஞ்சுல்லா கெடக்கு!" என்றார். பழைய ஸ்லாப், அடிப்பக்கம் மட்டமில்லை. பிளேட்டை போல்ட் நட்டில் மட்டம் பார்த்து நிறுத்தாமல் ஸ்லாபோடு ஒட்டியே இறுக்கியிருக்கிறார்கள். பள்ளமான பக்கம் கை சரியாமல் என்ன செய்யும்? லைட் மேலும் கீழுமாக இறங்கினால் ஸ்பிரிங் கையைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒரே திசைக்கு ஓடினால் மேலே மட்டத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வருடமாக வந்துபோன ஒருவர்கூட அந்தப் பலகையைத் திறக்கவில்லை. மட்டம் சரிசெய்து மாட்டியபின் இன்று வரை ஒரு விரல்கூட நகரவில்லை.

கேஸ் லைனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 2021 மே மாதம் ஆக்சிஜனுக்கு எல்லோரும் அலைந்தது மறக்காது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்துகூட ஆஸ்பத்திரிகளுக்குத் திரவ ஆக்சிஜன் போன நாட்கள் அவை. அதன் பிறகுதான் எங்கள் நிர்வாகம் பைப்லைனுக்குச் சம்மதித்தது. முன்பு ஆக்சிஜன் ஜம்போ சிலிண்டரைத் தியேட்டருக்குள்ளேயே உருட்டி வருவோம். பாதி ஆபரேஷனில் தீர்ந்தால் ஸ்பேனர் சத்தம். இப்போது சிலிண்டர்களைச் சேர்த்துப் பைப்லைனுக்கு விடும் மேனிஃபோல்ட் வெளி அறையில், இரண்டு பக்கமும் சிலிண்டர் வரிசை. ஒரு வரிசை தீர்ந்தால் தானாக அடுத்ததற்கு மாறி, அலாரம் அடிக்கும். சுவரில் 4 பார் அழுத்தம் அசையாமல் நிற்கிறது. ஆக்சிஜன் குழாயின் ப்ரோப் (செருகும் முனை) மயக்க வாயுவான நைட்ரஸின் அவுட்லெட்டில் நுழையாது, எவ்வளவு அவசரத்திலும் தப்பாக மாட்ட முடியாது.

கடல் காற்று மட்டும் விடுவதில்லை. சிலிண்டர் சாவியும் அழுத்தம் காட்டும் கேஜும் துருப்பிடிக்கும். வால்வு இறுகிவிட்டது என்று எங்கள் வார்டு பாய் ஒருநாள் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு போனான். ஓடிப்போய்த் தடுத்தேன். அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அந்த அறைக் கதவில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கசிவு பார்க்க, அதற்கென்றே விற்கிற எண்ணெய் கலக்காத கசிவு திரவம்தான் வேண்டும்.

தக்கலைத் தங்கச்சிக்கு நான் சொன்னது இது. கேஸ் லைனை யோசிக்காமல் போடச் சொல்லு. எல்இடி லைட்டும் வேண்டும், ஆனால் பிளேட் ஏறும் அன்று ரசமட்டத்தோடு நீயே கீழே நில்லு. என் வேலைக்காலத்தில் இதைவிட நல்ல வெளிச்சம் பார்த்ததில்லை. இருந்தும் எங்களுக்கு மாட்டிய கம்பெனியை மட்டும் கூப்பிடாதே.